கூப்பிடாமல் போன ஊர்

உலகத்தைச் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களில் பாதிப் பேருக்கு வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாலே குமட்டும். சூசைமாணிக்கம் அந்தப் பாதியைச் சேர்ந்தவர். கொடைக்கானல் மலையை விட்டு அவர் கீழே இறங்கியது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். ஒவ்வொரு தடவையும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போய், முகர்ந்துகொண்டே திரும்பி வந்தார். அப்படிப்பட்டவர் தன் போட்டோ ஸ்டூடியோவின் பின்சுவரில் ஓர் உலக மேப்பை மாட்டி வைத்திருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிழிந்துபோனது என்று தூக்கிப் போட்டதைக் கேட்டு வாங்கி, கோந்து தடவி ஒட்டியது. ஆஸ்திரேலியாவில் ஒரு ஓரம் மட்டும் இல்லை. அதனால் ஒன்றும் நஷ்டமில்லை, அங்கே போகிற உத்தேசம் அவருக்கு இருக்கவில்லை.

மற்ற இடங்களுக்கெல்லாம் உத்தேசம் இருந்தது. ஜப்பானுக்கு ஏப்ரலில் போக வேண்டும், அப்போதுதான் மரமெல்லாம் பூத்திருக்கும். எகிப்துக்கு ஜனவரியில், வெயில் சாய்ந்து விழும்போது. கல்லின் சொரசொரப்பு படத்தில் கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி விழும். பினாங்கில் மழைக்காலத்தைத் தவிர்க்க வேண்டும், ஈரத்தில் பிலிம் பூசணம் பிடித்துவிடும். எந்த ஊரில் காலையில் எடுப்பது, எந்த ஊரில் மாலையில் எடுப்பது, முக்காலியை எங்கே ஊன்றுவது என்பது வரைக்கும் அவர் முடிவு செய்திருந்தார். பள்ளிக்கூட நூலகத்து வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டிச் சேர்த்த ஞானம். மத்தியானம் ஸ்டூடியோவில் ஆள் இல்லாத நேரத்தில் மேப்புக்கு முன்னால் நின்றால் அவருக்குப் பசி தெரியாது. பின்கட்டிலிருந்து அவர் மனைவி கித்தேரியம்மாள் குரல் கொடுப்பாள்.

"ஜப்பான்ல இருந்து வெரசா வாங்க. சோறு ஆறுது."

ஆனால் அந்தச் சோற்றைப் போட்டது ஜப்பான் இல்லை, பிணம். சீசனில் ஏரிக்கரையில் படகோடு நிற்கிற சுற்றுலாக்காரர்கள், வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கூட குரூப் போட்டோ, எப்போதாவது ஒரு கல்யாணம். மீதி மாதங்களுக்கு மேல்மலை கிராமங்களில் யாராவது சாக வேண்டும். பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, எல்லாவற்றுக்கும் அப்பால் கேரளத்து எல்லையில் கிளாவரை. அங்கெல்லாம் உயிரோடு இருக்கிறவர்கள் கேமராவுக்கு முன்னால் வரமாட்டார்கள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அசையாத நம்பிக்கை. செத்த பிறகு குறைவதற்கு ஆயுசு கிடையாது, ஆகையால் எடுக்கலாம். ஒரு உயிர் போனதும் எழவு சொல்லி ஒரு ஆள் கொடைக்கானலுக்கு நடந்து வருவான். சூசைமாணிக்கம் பெட்டிக் கேமராவையும் முக்காலியையும் மட்டக்குதிரை மேல் ஏற்றிக்கொண்டு அவன் கூடவே போவார். மலைக் குளிரில் பிணம் அவருக்காகக் காத்திருக்கும்.

நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டி, துணி தெரியாமல் மாலையைப் போட்டு மறைத்து, பின்னால் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடிப்பார்கள். வேட்டிக்குப் பின்னாலிருந்து யாராவது தோளைத் தாங்கிக்கொள்வார்கள். தாங்குகிறவனின் விரல்கூடப் படத்தில் விழக்கூடாது. விழுந்தால் அந்த விரலுக்கு ஆயுசு குறையும் போலும்.

எடுத்த பிறகுதான் அவருடைய கைவேலை. படத்தில் மூடியிருக்கும் இமைகளின் மேல் மெல்லிய பிரஷ்ஷால் கண்ணை வரைந்து திறந்து விடுவார். சும்மா இரண்டு கறுப்புப் புள்ளி வைக்கிற ஆள் இல்லை அவர். கிளம்புவதற்கு முன் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "எப்படிப் பார்ப்பாரு?" என்று கேட்பார். கோபமாகவா, சிரிச்ச மாதிரியா, எதையோ தொலைத்தவர் மாதிரியா? அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்துச் சொல்வார்கள். அடுத்த தடவை எழவுக்கு வரும்போது அந்தப் படத்தைக் கொடுத்தால், பெண்கள் அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் தலையை மூடிக்கொள்வார்கள். உயிரோடு இருந்தபோது மூடிக்கொண்டது போலவே.

இந்த வேலையில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, நிறைய வெறுப்பும் உண்டு. இரண்டையும் வெளியே காட்டிக்கொண்டதில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம், மலைச் சரிவெல்லாம் குறிஞ்சி பூத்துக் கிடந்தபோது, டென்ஹாம் வந்தார். இங்கிலாந்துக்காரர், பத்திரிகைகளுக்குப் படம் எடுக்கிறவர். உலகம் சுற்றுவதே அவருக்குச் சம்பளம். கழுத்தில் இரண்டு சின்ன கேமராக்கள், கண்ணாடி போடாத கூர்மையான கண்கள், துவைக்காத சட்டை. ஈரான், டெல்லி முடித்துவிட்டு வந்திருந்தார். அடுத்து சிலோன், பினாங்கு, அப்புறம் ஜப்பான். பிலிம் கழுவ இருட்டறை வேண்டும் என்று பஜாரில் விசாரித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தவர், பின்சுவரைப் பார்த்துவிட்டு நின்றார். மேப்பில் சூசைமாணிக்கம் பென்சிலால் போட்டு வைத்திருந்த கோடும் டென்ஹாம் போகப்போகிற வழியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

"ஜப்பானுக்கு ஏப்ரல் என்று யார் சொன்னது?" என்று கேட்டார் டென்ஹாம்.

"நானே சொல்லிக்கொண்டது," என்றார் சூசைமாணிக்கம், மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷில்.

டென்ஹாம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. அது இல்லாமல் போனதுதான் வினையாகப் போயிற்று. ஒரு கேலிச் சிரிப்பு சிரித்துத் தொலைத்திருந்தால் மனிதர் தன் மேப்போடு நிம்மதியாகச் செத்திருப்பார்.

மறுநாளிலிருந்து டென்ஹாமுக்கு எல்லாத் திட்டமும் சூசைமாணிக்கம் போட்டார். தூண் பாறையில் மேகம் எப்போது விலகும், குறிஞ்சிச் சரிவை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நீலம் கரைந்து போகாமல் நிற்கும் எல்லாம் அவர் கணக்கு. போகிற இடமெல்லாம் டென்ஹாம் கை காட்டுகிற இடத்தில் போய் நிற்பதும் அவர் வேலைதான். ஆள் நின்றால்தான் வெளிச்சத்தைப் பார்த்து, தூரத்தைப் பார்த்து கேமராவைத் திருத்த முடியும். "அங்கே நில்லுங்கள்" என்றால் நிற்பார். "சரி, விலகுங்கள்" என்றால் விலகுவார். பிறகுதான் டென்ஹாம் படம் எடுப்பார். இருபது வருஷமாக மற்றவர்களை நிற்க வைத்தவருக்கு, இன்னொருவருக்காக நிற்பதில் ஒரு சுகம்கூட இருந்தது.

ஒரு நாள் இருட்டறையில் ஈரப் பிலிமைக் கையில் பிடித்துக்கொண்டு டென்ஹாம் சொன்னார். "பூவும் மலையும் போதும். எனக்கு இனி முகங்கள் வேண்டும். சுற்றுலாக்காரன் காலடி படாத ஊராக ஒன்று சொல்லுங்கள். அந்த வேலை நன்றாக முடிந்தால் என்னோடு சிலோனுக்கு வாருங்கள், ஜப்பான் வரைக்கும். இப்படித் திட்டம் போடத் தெரிந்த ஓர் ஆள் எனக்கு வேண்டும்."

சூசைமாணிக்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு வரக்கூடாத சந்தோஷம் அது. பஜாரில் ஜவுளியும் மளிகையும் சேர்த்து வைத்திருந்த சுல்தான், ஒரு ஜீப்பும் வாடகைக்கு விடுகிறவர், விஷயம் கேட்டுத் தன் கடையிலேயே நல்ல சாம்பல் நிறத் துணி எடுத்து ஒரு கோட்டுக்கு அளவு கொடுக்க வைத்தார்.

"கப்பல்ல போற ஆளு சொட்டர் போட்டுக்கிட்டுப் போனா நம்ம பஜாருக்கே மருவாதி இல்லண்ணே," என்றார்.

"கப்பல்ல வாந்தி வருமா பாய்?"

"வந்தா கடலுக்குள்ள எடுங்க. அது என்ன நம்ம பஸ்ஸா?"

எந்த ஊர் என்று சூசைமாணிக்கம் யோசிக்கவே இல்லை. கிளாவரை என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். ஒரே தெரு, கிழக்கு பார்த்துத் திறந்து கிடக்கும். காலையில் மலைமுகட்டைத் தாண்டி வெயில் விழுந்தால் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பாய் விரித்த மாதிரி விழும். பூண்டுக் கட்டுகளைத் தொங்கவிட்ட மண்சுவர்கள், குளிரில் சிவந்த கன்னங்கள். தனக்குத் தெரிந்ததிலேயே நல்ல வெளிச்சத்தை அவர் டென்ஹாமுக்குக் கொடுத்தார். "அங்கே என்னைத் தெரியாத வீடு கிடையாது. நான் போனால் திறக்காத கதவு கிடையாது," என்றும் சொன்னார். அது பொய் இல்லை. பத்து வருஷத்தில் அந்தத் தெருவின் பெரும்பாலான வீடுகளுக்குள் அவர் போயிருக்கிறார்.

கிளம்புகிற அன்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டே கித்தேரியம்மாள் கேட்டாள்.

"அங்க யாரு தவறிட்டாக?"

"யாரும் தவறல. சும்மா போறோம்."

அவள் கை நின்றது. "எழவு சொல்லி ஆளு வராம நீங்க அந்த ஊருக்குப் போனதே இல்லையே. கூப்பிடாம போறது நல்லாவா இருக்கு?"

"ஏன், நான் என்ன எமனா? எவ்வளவு மரியாதையா நடத்துவாங்க தெரியுமா? போற போதெல்லாம் ஒரு மூடை பூண்டு கட்டிக் குடுக்கலையா? நீதான வாங்கி உள்ள வச்ச?"

"குடுத்தாக," என்றாள் கித்தேரியம்மாள். "அந்த ஊர்ல யாராச்சும் ஒங்கள 'வாங்க'ன்னு சொல்லியிருக்காகளா?"

பைத்தியக்காரக் கேள்வி என்று அவர் நினைத்தார். ஜீப்பின் ஹாரன் சத்தம் கேட்டது, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆமாம், புதுக் கோட்டு. கப்பலுக்குத் தைத்ததைக் கிளாவரைக்குப் போட்டுக்கொண்டு போனார். அவ்வளவு அவசரம் மனிதருக்கு.

சுல்தான் ஜீப்பை ஓட்டினார். ரோடு முடிந்த இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, சாமான்களை அங்கே அமர்த்திய குதிரை மேல் ஏற்றி, மூன்று பேரும் நடந்தார்கள். வழியில் மன்னவனூரில் தங்கி, மறுநாள் வெள்ளனே எழுந்து புறப்பட்டார்கள். தெருவில் வெயில் விழுகிற நேரத்துக்குக் கிளாவரைக்குள் கால் வைக்க வேண்டும் என்பது சூசைமாணிக்கத்தின் திட்டம். திட்டம் துளி பிசகவில்லை. அவர்கள் மேட்டில் ஏறி நின்றபோது கீழே ஊர் விழித்துக்கொண்டிருந்தது. கூரைகளில் புகை, வாசலில் பெண்கள், பூண்டு காய வைக்கிற கிழவர்கள், கோழி துரத்துகிற பிள்ளைகள். டென்ஹாம் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டலுக்காக அவர் ஜென்மம் முழுக்கக் காத்திருந்தவர். கண்ணில் நீர் வந்துவிட்டது.

சூசைமாணிக்கம்தான் முன்னால் இறங்கினார். பின்னால் முக்காலி நீட்டிக்கொண்டிருக்கிற குதிரை.

முதலில் ஒரு பெண் பார்த்தாள். பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் விளையாடிய குழந்தையை ஒரு கையால் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அடுத்த வீட்டில் ஒரு சத்தம். எதிர்வீட்டில் ஒன்று. யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. மழை வந்தால் காய்கிறதை எடுத்து உள்ளே வைப்பார்களே, அப்படி மனிதர்களை எடுத்து உள்ளே வைத்தார்கள். அவர் தெருவின் நடுவுக்கு வந்து சேர்வதற்குள் தெரு காலியாகிவிட்டது. கோழிகள் மட்டும் நின்றன.

அவர் நன்றாக அறிந்த கதவுகள். அந்தக் கதவுக்கு உள்ளே ஒரு கிழவர், இந்தக் கதவுக்கு உள்ளே பிரசவத்தில் போன ஒரு பெண், அதோ அந்தக் கதவுக்கு உள்ளே காய்ச்சலில் போன பையன். எல்லோருக்கும் அவர் கண் திறந்து விட்டிருக்கிறார்.

ஊர்ப் பெரியவர் சேனாதிபதி மட்டும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார். இரண்டு எழவுக்கு முன்னால் தன் அண்ணனைப் படம் எடுத்த மனிதரின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டார்.

"யாருக்கு?"

"என்ன பெரியவரே, யாருக்குன்னா?"

"நாங்க ஆள் அனுப்பலையே. யாருக்குன்னு வந்திருக்கீங்க? சொல்லிப்புடுங்க. வீட்டுக்கு வீடு நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு."

"யாருக்கும் இல்லைங்க. இந்தத் துரை ஊரைப் பாக்கணும்னாரு. உசுரோட இருக்கவுங்களப் படம் எடுக்கத்தான்..."

வாயிலிருந்து வார்த்தை விழுந்த பிறகுதான் அது எப்படிப்பட்ட வார்த்தை என்று தெரிந்தது. சேனாதிபதி ஓரடி பின்னால் நகர்ந்தார். "ஏலே, கதவத் தொறந்துறாதீங்க" என்று தெருவைப் பார்த்துப் பொதுவாகச் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போனார். கடைசிக் கதவும் சாத்திக்கொண்டது.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் டென்ஹாம்.

"குளிர். கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்கள்," என்றார் சூசைமாணிக்கம்.

வெயில் அவர் சொன்ன நேரத்துக்கு முகட்டைத் தாண்டி வந்து, தெருவில் அவர் சொன்ன மாதிரியே விழுந்தது. அதற்கு மட்டும் அவரிடம் பயம் இல்லை. டென்ஹாம் தெருவையும் கதவுகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேமராவைத் தூக்கினார். "அங்கே நில்லுங்கள். நடுவில். வெயிலைப் பார்த்து." சூசைமாணிக்கம் போய் நின்றார். வெளிச்சம் பார்க்கிறார், யாராவது வெளியே வந்தால் எடுப்பதற்குத் தயார் செய்கிறார் என்று நினைத்தார். முகத்துக்கு நேரே வெயில் கூசியது. "சரி, விலகுங்கள்" என்று டென்ஹாம் அன்றைக்குச் சொல்லவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

ஒரு கதவு திறந்தது. தெருக் கோடியில் வீரம்மாள் வீடு. புருஷன் போய் மூன்று வருஷம் ஆனவள், நெஞ்சுச் சளியில் பல நாளாகப் படுக்கையில் கிடப்பவள். அவளே எழுந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஈரத் தலையிலிருந்து நீர் சொட்டியது. ஒரு நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டாள். அதே நாற்காலி. அவள் புருஷனை அவர் அதில்தான் உட்கார வைத்தார்.

"வாங்க, படக்காரரய்யா," என்றாள். "எனக்குத்தான்னு தெரியும். நாலு நாளா மூச்சு எடுக்க முடியல. மத்தவுகள ஏன் பயமுறுத்திக்கிட்டு நிக்கிறீங்க? எடுத்துட்டுப் போங்க."

கிளாவரையில் ஒருவர் அவரை 'வாங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எழவு வீட்டில் யாரையும் வாவென்று கூப்பிடுவதும் இல்லை, போய் வாவென்று அனுப்புவதும் இல்லை. அது யாருக்கும் தெரிந்த வழக்கம், அவருக்கும் தெரியும். தெரிந்தும், தன்னை ஒரு தடவைகூட அந்த ஊர் கூப்பிட்டதில்லை என்பது பத்து வருஷமாக அவர் மண்டையில் ஏறவில்லை. மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டதெல்லாம் மரியாதை இல்லை. சீக்கிரம் போகட்டும் என்று கட்டிக் கொடுத்த பூண்டு.

வீரம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்து, கண்களை மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் தொறங்கம்மா," என்றார் சூசைமாணிக்கம். "ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல. கண்ணைத் தொறங்க."

"அதான் அப்புறம் நீங்க தொறந்து விடுவீங்கள்ல. அவருக்குத் தொறந்த மாதிரி. எனக்கு மட்டும் ஏன் இப்பவே தொறக்கச் சொல்றீங்க?"

அவரால் அங்கே நிற்க முடியவில்லை. படமும் எடுக்கவில்லை. குதிரையைத் திருப்பினார். அவர் பின்னால் டென்ஹாமும் சுல்தானும் வந்தார்கள்.

மேட்டைத் தாண்டிய பிறகு டென்ஹாம் கேட்டார், அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று. அங்கேதான் சூசைமாணிக்கம் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் இவரும் படக்காரர், அவரும் படக்காரர். தொழில் தெரிந்த ஒருவனுக்குச் சொன்னால் புரியும் என்று நினைத்தார். பிணத்தை உட்கார வைப்பது, வேட்டித் திரை, பிரஷ், 'எப்படிப் பார்ப்பாரு' என்று கேட்பது எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே பெருமையாகக்கூட இருந்தது. டென்ஹாம் நடையை நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் காட்டிய அக்கறையைப் பார்த்துச் சூசைமாணிக்கத்துக்கு ஜப்பான் மறுபடி பக்கத்தில் வந்தது.

கொடைக்கானல் வந்து இரண்டாம் நாள் டென்ஹாம் கிளம்பினார். கூலியை ஒழுங்காகக் கொடுத்தார், கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்கள் கெட்டிக்காரர்," என்றார். "ஆனால் மனிதர்கள் உங்களைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறார்கள். என் வேலைக்கு மனிதர்கள் வேண்டும். தப்பாக நினைக்காதீர்கள்."

தப்பாக நினைக்கவில்லை என்று சூசைமாணிக்கம் இங்கிலீஷில் சொன்னார். அந்த வாக்கியத்தை மிஷன் பள்ளிக்கூடத்தில் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சுல்தானின் ஜீப் ஏரியைச் சுற்றிக் கண்ணுக்கு மறைந்தது. அது அநேகமாக வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்திருக்கும், அப்போதுதான் அவருக்குப் பதில் தோன்றியது. ஜப்பானில் என்னை யாருக்குத் தெரியும்? பினாங்கில் எவன் வீட்டில் நான் பிணம் எடுத்தேன்? அங்கே எந்தக் கதவு என்னைப் பார்த்துச் சாத்தும்? இவ்வளவு எளிய கேள்வி. டென்ஹாமைக் கேட்டிருந்தால் அந்த மனிதர் யோசித்திருப்பார். கேட்க வேண்டிய நேரத்தில் வாயை வாடகைக்கு விட்டுவிட்டு நின்ற தன்னை அவர் அன்றைக்கு வெறுத்தார். அந்த வெறுப்பு கடைசி வரை தீரவில்லை.

வீரம்மாள் சாகவில்லை. அடுத்த வாரமே எழுந்து பூண்டுக் காட்டுக்குப் போனாள் என்று கேள்வி. ஆனால் கிளாவரையிலிருந்து அதற்குப் பிறகு எழவு சொல்லி ஆள் வரவில்லை. கூப்பிடாமல் வந்தவனை மறுபடி கூப்பிட யாருக்குத் தைரியம் வரும்? அந்த ஊரில் செத்தவர்கள் படம் இல்லாமலேயே செத்தார்கள். மற்ற ஊர்களுக்கு அவர் போய்க்கொண்டுதான் இருந்தார், சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு. மேல்மலைக் குளிருக்கு நல்ல கோட்டு. எந்த ஊருக்குள் நுழைந்தாலும் யாராவது 'வாங்க' என்கிறார்களா என்று இப்போது காது தானாகக் கேட்டது. யாரும் சொல்லவில்லை.

அறுபதாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் சுல்தான் ஒரு தாளைச் சட்டைக்குள் மறைத்து, நனையாமல் கொண்டு வந்தார். போர்டிங் வீடுகளில் கழித்துவிடுகிற இங்கிலீஷ் பத்திரிகைகளை அவர் எடைக்கு வாங்கி, கடையில் வெல்லமும் புளியும் மடிக்க வைத்திருப்பார். அதில் வந்த ஒரு தாள்.

"மடிக்கப் போனேண்ணே. பாத்தா நீங்க."

பக்கம் முழுக்க ஒரே படம். கிளாவரைத் தெரு. இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள், நடுவில் கோட்டுப் போட்ட ஒரு மனிதன், அவனுக்குப் பின்னால் முக்காலி சுமந்த குதிரை. வெயில் பாய் விரித்த மாதிரி விழுந்திருந்தது. முதலில் அவர் அந்த மனிதனைப் பார்க்கவில்லை, வெளிச்சத்தைப் பார்த்தார். அவருடைய வெளிச்சம். அவர் குறித்துக் கொடுத்த நேரம், அவர் காட்டிய தெரு. மண்சுவரின் சொரசொரப்பு கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி விழுந்திருந்தது. தன் வாழ்நாளில் இப்படி ஒரு படத்தைத் தான் எடுத்ததில்லை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். வயிறு எரிந்தது.

கீழே இரண்டு வரி இங்கிலீஷ். 'சாவின் படக்காரர். இவர் வந்தால் ஊர் கதவைச் சாத்திக்கொள்கிறது. தென்னிந்தியா, பழனி மலை.' அவ்வளவுதான்.

"பேரு போட்டிருக்கானாண்ணே?" என்று கேட்டார் சுல்தான். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது.

"போட்டிருக்கான் பாய்."

"பரவாயில்ல, நல்ல மனுசன்தான். நீங்க போகலன்னாலும் ஒங்க படம் ஒலகம் பூரா போயிருக்கும். லண்டன், சப்பான் எல்லா எடத்துக்கும்." சுல்தான் உண்மையாகவே சந்தோஷப்பட்டுச் சொல்லிவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று மழைக்குள் ஓடினார்.

அவர் போன பிறகு கித்தேரியம்மாள் வந்து கணவர் தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பயணத்தைப் பற்றி அவள் அதுவரை ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை, இப்போதும் காட்டவில்லை.

"கண்ணு மூடியிருக்கே," என்றாள்.

அவர் அப்போதுதான் கவனித்தார். வெயில் கூசி இமை மூடிய நொடியில் டென்ஹாம் எடுத்திருந்தார். அல்லது மூடும் வரைக்கும் காத்திருந்து எடுத்தாரோ என்னவோ. எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, இருக்கிற படங்களிலிருந்து இதைத்தான் பொறுக்கியிருக்கிறார். அதில் சந்தேகமே இல்லை.

சூசைமாணிக்கம் மேஜை இழுப்பறையைத் திறந்து மெல்லிய பிரஷ்ஷை எடுத்தார். கறுப்பு மையில் தோய்த்து, நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கினார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பாமல், மேல்மலை வீடுகளில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"எப்படிப் பார்ப்பாரு?"

கித்தேரியம்மாளுக்கு அந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுவது என்று தெரியும். "அசிங்கமா பேசாதீங்க," என்றாள். அவர் பிரஷ்ஷைப் பிடித்தபடியே இருந்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கடைசியில், பின்சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"மத்தியானம் சாப்பிடாம அந்த மேப்பு முன்னாடி நின்னு பாப்பீங்கள்ல. அப்படி."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்தார். முதலில் இடது கண், பிறகு வலது கண். அவசரப்படாமல் செய்தார். முடிந்ததும் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் கைவேலையிலேயே அதுதான் சுத்தமான வேலை. யார் பார்த்தாலும் அந்த மனிதன் உயிரோடு இருந்தபோது இப்படித்தான் பார்த்திருப்பான் என்று நம்புவார்கள்.

"மாலைதான் பாக்கி," என்று சொல்லிவிட்டு, மை காயட்டும் என்று அதை மேஜை மேல் வைத்தார்.